பெரியமேட்டில் சுழற்கோப்பை: கப் நல்லது, எழுத்துதான் சோதனை

நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய பெரியமேடு கடைகளில் கப், ஷீல்டு, மெடல் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். கோப்பையை ஜோடித்துக் கொடுப்பதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். பெயர் பொறிப்பதில்தான் சறுக்கல். அதுவும் தமிழில் என்றால் இன்னும் கொஞ்சம், ஒரே கோப்பையில் இரண்டு அணி என்றால் சொல்லவே வேண்டாம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நடத்துகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். கடைப் பெயர் எதுவும் இதில் இல்லை. சரக்கு கடைக்குக் கடை பெரிதாக மாறுவதில்லை, பொறிக்கிற கைதான் மாறுகிறது.

அந்தக் கையைச் சோதிக்க ஒரு வாசகம் இருக்கிறது. ஆர்டர் கொடுப்பதற்கு முன் இந்த மூன்று வரியை ஒரு வீணான தகட்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்:

1869
ரட்கர்ஸ் – பிரின்ஸ்டன்
இணை வெற்றியாளர்

இதில் எட்டுப் புள்ளிகள் இருக்கின்றன. ‘ணை’, ‘வெ’ இரண்டிலும் குறி எழுத்துக்கு முன்னால் விழ வேண்டும். மெஷினில் ஏதாவது கோளாறு இருந்தால் இந்த மூன்று வரிக்குள் வெளியே வந்துவிடும். வாசகமும் சும்மா எடுத்ததல்ல. கோப்பை வாங்குகிற எந்தக் கமிட்டியும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு அது.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சரித்திரத்தில் முதல் சீசன் 1869. மொத்தமே ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரி அணி, இரண்டு ஆட்டம். நவம்பர் 6 அன்று தன் ஊரான நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் 6–4 என்று ஜெயித்தது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 13 அன்று, பிரின்ஸ்டன் தன் மைதானத்தில் 8–0 என்று திருப்பிக் கொடுத்தது. பக்கத்துக்கு 25 பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, எறியவும் கூடாது. காலால் உதைக்கலாம், கையால் தட்டலாம். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிற இன்றைய ஆட்டத்தைவிட நம்மூர் கால்பந்துக்குத்தான் அது பக்கம். முதல் ஆட்டம் ரட்கர்ஸ் விதிப்படி நடந்தது. இரண்டாவது பிரின்ஸ்டன் விதிப்படி: பந்தை அந்தரத்தில் பிடித்தவருக்கு ஃப்ரீ கிக் உண்டு. மூன்றாவது ஆட்டம் பேசி வைத்திருந்தார்கள், நடக்கவில்லை. படிப்பு கெடுகிறது என்று பேராசிரியர்கள் தடுத்ததாக ஒரு பேச்சு. விதிகளில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை என்று இன்னொரு பேச்சு.

ஆக ஆளுக்கொரு வெற்றி. அந்த ஆண்டு யாருக்கும் கோப்பையோ பட்டமோ கொடுக்கப்படவில்லை. பட்டமெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்து ஆவணங்களைப் புரட்டியவர்கள் சூட்டியதுதான். இப்படிப் பட்டியல் போட்டவற்றில் நேஷனல் சாம்பியன்ஷிப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் பில்லிங்ஸ்லி என்ற தரவரிசையும் பிரின்ஸ்டன் என்கின்றன. 1930-களில் பட்டியல் போட்ட பார்க் டேவிஸ் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தார். இத்தனைக்கும் அவர் பிரின்ஸ்டனில் படித்து, அந்த அணிக்கே ஆடியவர். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. தானாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தன் ஏட்டில் பதிந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கோல் கணக்கைக் கூட்டினால் பிரின்ஸ்டன் 12, ரட்கர்ஸ் 6. இதைக் காட்டிப் பிரின்ஸ்டனுக்கே கொடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு அது ஒப்பவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் விதியே வேறாக இருக்கும்போது கோலைக் கூட்டுவதில் என்ன நியாயம்? இந்த விஷயத்தில் டேவிஸ் சொன்னதுதான் சரி. சோதனைத் தகட்டில் ‘இணை வெற்றியாளர்’ என்று போடச் சொல்வது அதனால்தான்.

நம்மூரிலும் இது நடக்காததல்ல. நவம்பர் மழையில் ஃபைனல் நின்றுபோகும். ஒரு அணியில் ஆடியவர் அந்தக் கல்லூரி மாணவரே இல்லை என்று புகார் வரும், விசாரணை பரிசளிப்பைத் தாண்டி இழுக்கும். இதற்குள் கோப்பையின் உடம்பிலேயே பெயர் பொறித்திருந்தால் தீர்ந்தது. முலாம் பூசிய பித்தளையில் எழுத்தைத் தேய்த்து எடுத்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் பல்லிளிக்கும். கோப்பையின் மேல் போட்டியின் பெயரும் தொடங்கிய ஆண்டும் மட்டும் போதும். ஆண்டுதோறும் மாறுகிற பெயர், பீடத்தைச் சுற்றி வரும் சிறு தகடுகளில் இருக்கட்டும். பரிசளிப்பு அன்று தகடு இல்லாமலே கோப்பையைக் கொடுக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தகட்டை எப்படிப் பொருத்துகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். கேட்காவிட்டால் டபுள் சைடு டேப்தான். சென்னைப் புழுக்கத்தில் அதன் ஓரம் முதலில் எழும்பும், பிறகு தகடே விழும். இன்ஸ்டன்ட் கம் இன்னும் மோசம்: அதன் ஆவி தகட்டைச் சுற்றி வெள்ளையாகப் படிந்துவிடும், துடைத்தாலும் லேசில் போகாது. இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்டுச் சிறிய பித்தளை ஸ்க்ரூ வைக்கச் சொல்லுங்கள். தீர்ப்பு மாறினாலும், எழுத்துப் பிழை கண்ணில் பட்டாலும், தகட்டைக் கழற்றி மாற்றலாம். கடைக்காரர் ஆணி போதும் என்பார், விட்டுக்கொடுக்க வேண்டாம். பிடுங்கும்போது தகடு வளைந்துவிடும்.

பீடத்தின் அளவையும் கோப்பை வாங்குகிற அன்றே கணக்குப் போட வேண்டும். 20 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பீடத்துக்குச் சுற்றளவு ஏறக்குறைய 62.8 செ.மீ. தகடு 4 செ.மீ. அகலம், இடைவெளி அரை செ.மீ. என்றால் ஒரு வரிசையில் 13 ஆண்டு பிடிக்கும். ஆனால் 4 செ.மீ.க்குள் இரண்டு கல்லூரிப் பெயர் அடங்காது, எழுத்தைச் சுருக்க வேண்டிவரும். 5 செ.மீ. தகடு எடுத்தால் வரிசைக்கு 11தான் வரும், ஆனாலும் அதுவே மேல். எல்லாத் தகடும் ஒரே அளவில் இருக்கும், இணை வெற்றி வந்த ஆண்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்காது.

இனி எழுத்து. உலோகத்தில் ஃபைபர் லேசர்தான் நன்றாக வருகிறது. அக்ரிலிக்குக்கும் மரத்துக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர். பூச்சுத் தகட்டில் கலராக அச்சடித்துத் தருவதை ‘பொறிப்பு’ என்றே சில இடங்களில் சொல்கிறார்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைத்தால் அது வெளுத்துவிடும். தமிழ் எழுத்தின் உயரம் 3 மி.மீ.க்குக் கீழே போனால் புள்ளி அடைந்துபோகும் அல்லது காணாமல் போகும். மேலே சொன்ன சோதனைத் தகட்டில் ‘ரட்கர்ஸ்’ என்பது ‘ரடகரஸ’ என்று வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

வாசகத்தை வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்புவது பெரிய வம்பு. பொறிக்கிற மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருப்பது பெரும்பாலும் கோரல் டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு. யூனிகோடு தமிழை அதில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிக் குதிக்கும். ஆபரேட்டர் அதைப் பார்த்துப் பழைய ஃபான்டில் தன் கையால் திரும்ப அடிப்பார், பிழை நுழைவது அங்கேதான். எழுத்துகளை ‘கர்வ்’ ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிய பி.டி.எஃப். கொடுத்தால் ஃபான்டே வேண்டாம், எழுத்து படமாகவே போகும். அதையும் காகிதத்தில் அசல் அளவில் பிரிண்ட் எடுத்து, கமிட்டியில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்லது.

கல்லூரிப் பெயரை அந்தந்த ஆண்டில் எப்படி இருந்ததோ அப்படியே போடுங்கள். 1869-இல் பிரின்ஸ்டனின் அதிகாரப்பூர்வப் பெயர் காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஆனது 1896-இல்தான். சரியாக நூறு வருடம் கழித்து, 1996-இல், மெட்ராஸ் சென்னையானது. பழைய ஷீல்டில் ‘மெட்ராஸ்’ என்று இருப்பதை மாற்றச் சொல்லி யாராவது வந்தால் மறுத்துவிடலாம்.

கோப்பையைப் பொறுத்தவரை பெரியமேட்டில் குறை சொல்ல அதிகமில்லை. சுழற்கோப்பைக்கு முலாம் பூசிய பித்தளை வாங்குங்கள். ஃபைபர் என்று சொல்லி விற்கும் பளபளப்புப் பிளாஸ்டிக் ஒரு முறை கொடுத்துவிடும் பரிசுக்குத்தான் சரி. கோப்பை அடுக்குகளை நடுவில் ஓடும் மரையிட்ட கம்பியும் அடியில் ஒரு நட்டும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. கை மாறி மாறிப் போகும்போது நட்டு தளர்ந்து கோப்பை தன்பாட்டுக்குச் சுற்ற ஆரம்பிக்கும். எம்6 (6 மி.மீ.) கம்பி என்றால் 10 எண் ஸ்பானர் போதும். நட்டுக்கு அடியில் ஸ்ப்ரிங் வாஷர் போடச் சொல்லுங்கள். பளிங்குப் பீடத்தில் மட்டும் பலம் காட்டக் கூடாது, விரிசல் விடும். ஷீல்டு என்றால் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையின் பின்பக்கம் வார்னிஷ் அடித்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அடிக்காத பலகை ஈரம் குடித்து ஓரம் உப்பும்.

பராமரிப்பில் வீட்டு வைத்தியம்தான் எமன். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும். மெல்லிய பருத்தித் துணி மட்டும் போதும். வெள்ளி முலாம் என்றால் ரப்பர் பேண்டு கிட்டேயே வரக் கூடாது, அதிலுள்ள கந்தகம் கறுக்க வைக்கும்.

சண்டை வந்தால் பொருளே பறிபோகும் என்பதற்கும் அந்த இரண்டு கல்லூரிகளே சாட்சி. 1875-இல் ஒரு பழைய பீரங்கியை ரட்கர்ஸ் மாணவர்கள் பிரின்ஸ்டனிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பக் கிடைத்ததும் பிரின்ஸ்டன்காரர்கள் அதை மண்ணில் இறக்கிச் சிமென்ட் பூசிவிட்டார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. கோப்பையைக் கொண்டுபோகும் கல்லூரியிடம் திருப்பித் தரும் தேதி போட்ட ரசீது ஒன்று, முதல்வர் அலுவலக முத்திரையோடு, வாங்கினால் போதும். இணை வெற்றி என்றால் ஆளுக்கு ஆறு மாதம். முதல் ஆறு மாதம் யாருக்கு என்பதை டாஸ் போட்டு அதே ரசீதில் எழுதிவிடுங்கள்.

கல்லூரி விளையாட்டு விழாக்கள் குவியும் ஜனவரி, பிப்ரவரியில் பொறிப்பு வேலை தேங்கும், பொங்கலுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். கோப்பையை முன்கூட்டியே வாங்கி, வெற்றுத் தகடுகளையும் ஓட்டை போட்டு அளவாக வெட்டி வாங்கி வைத்துக்கொள்ளலாம். உதிரியாக நாலைந்து தகடு கூடுதலாகக் கேளுங்கள், அடுத்த வருடம் அதே நிறத்தில், அதே கனத்தில் கிடைப்பது கஷ்டம். ஜி.எஸ்.டி. பில்லில் கோப்பை தனி, பொறிப்பு தனி என்று பிரித்துப் போடச் சொன்னால் தணிக்கையில் கேள்வி வராது. பொறித்த ஃபைலைக் கையோடு பென் டிரைவில் வாங்கிவிடுங்கள். மறுவருடம் அந்த ஆபரேட்டர் வேறு கடைக்கு மாறியிருந்தால் எழுத்தின் அளவைத் திரும்ப முதலிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.