கணக்கேடுகளும் பனியும்: ஓசா லார்சனின் ‘சன் ஸ்டோர்ம்’

சுவீடன் எழுத்தாளர் ஓசா லார்சனின் முதல் நாவல் 2003ஆம் ஆண்டில் வெளிவந்து, அந்நாட்டின் குற்றப்புனைவுக் கழகம் புதுமுக எழுத்தாளருக்கு வழங்கும் விருதைப் பெற்றது. மார்லெய்ன் டெலார்கியின் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் ‘சன் ஸ்டோர்ம்’ என்றும் பிரித்தானியாவில் ‘த சாவேஜ் ஆல்டர்’ என்றும் விற்கப்படுவதால், வேறு நூலென்று எண்ணி யாரும் இரண்டையும் வாங்கிவிட வேண்டாம். மட்டக்களப்புக் கடைகளில் தேடிக் கிடைக்காமல் கொழும்பிலிருந்துதான் என் பிரதியைத் தருவித்தேன்.

ஸ்டொக்ஹோமில் வரிச் சட்டத்தரணியாகப் பணிபுரியும் ரெபெக்கா மார்டின்சன், வடக்கே இரும்புச் சுரங்க நகரமான கிருனாவுடனான தொடர்பை அறுத்துக்கொண்டவள். 2025 ஓகஸ்டில் பழைய மரத் தேவாலயத்தை அப்படியே சக்கரங்களில் ஏற்றி நகர்த்திய காணொளியைப் பார்த்தவர்களுக்கு அந்த நகரம் நினைவிருக்கும். அங்கே, செத்துப் பிழைத்தவன் என்று கொண்டாடப்பட்ட விக்டர் என்ற போதகன் தன் கிறிஸ்தவ சபையின் ஆலயத்துக்குள்ளேயே கொடூரமாகக் கொல்லப்பட, சந்தேகத்துக்குள்ளாகும் அவனுடைய சகோதரி சன்னா, பழைய தோழியான ரெபெக்காவை உதவிக்கு அழைக்கிறாள்.

ஒரு காலத்தில் தன்னை வெளியே தள்ளிய சபையின் முன் ரெபெக்கா மீண்டும் போய் நிற்பதுதான் நாவலின் உயிர். அழுது புலம்பியோ, பழையதையெல்லாம் கொட்டித் தீர்த்தோ அவள் கடந்த காலத்தை எதிர்கொள்வதில்லை. தனக்குத் தெரிந்த தொழிலைக் கையிலெடுத்து, சபைக்கு வந்த பணம் எங்கே போனது, வரி எப்படிக் கட்டப்பட்டது என்று விசாரிக்கத் தொடங்குகிறாள். கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடம் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்டவரை ஊர் அதன்பின் எந்தக் கண்ணால் பார்க்கும் என்பதை அறிந்த நம் பக்கத்து வாசகர்களுக்கு, அந்தச் சபையை நடத்தும் மூன்று போதகர்களின் புன்னகைக்குள் இருக்கும் மிரட்டலை எவரும் விளக்கத் தேவையில்லை. லார்சன் கிருனாவில் வளர்ந்து, வரிச் சட்டத்தரணியாகவும் இருந்தவர். அதனாலேயே இப்பகுதிகளில் சொல் பிசகவில்லை.

ரெபெக்காவின் பாட்டி வாழ்ந்த குர்ராவாரா கிராமத்தின் காட்சிகளை மெதுவாக வாசிக்க வேண்டும். மனைவி இறந்த பிறகு வீட்டின் மற்ற அறைகளை விட்டுவிட்டு, கீழே கொதிகலன் அறையில் நாயோடு குடியிருக்கும் அயல்வீட்டுச் சிவிங், கொலையாளியைவிட நெடுநாள் மனத்தில் நிற்பார். கச்சான் காற்று அனலாய் வீசும் மத்தியானத்தில் வாசித்தும், அந்தப் பனியின் குளிர் என்னை எட்டியது. நிறைமாதக் கர்ப்பிணியான பொலிஸ் அதிகாரி அன்னா மரியா மெல்லாவும் வெகு இயல்பாக அமைந்த பாத்திரம்.

குறைகளும் உண்டு. வழக்கை நடத்தும் அரச சட்டத்தரணி வொன் போஸ்ட், தற்பெருமையைத் தவிர வேறெதுவும் இல்லாத பொம்மையாகிவிடுகிறார். மூன்று போதகர்களையும் பிரித்தறியத் தொடக்கத்தில் பக்கங்களைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவரை கணக்கேடுகளில் பொறுமையாக வளர்ந்த கதை, கடைசியில் துப்பாக்கியும் இரத்தமுமாக அவசரப்படுவது எனக்கு உவப்பாக இல்லை. சன்னாவின் இரு சிறுமிகள் தொடர்பான பகுதிகள் சிலருக்குத் தாங்க முடியாதவையாக இருக்கலாம்.

ரெபெக்கா வரிசையில் ஆறு நாவல்கள் உள்ளன. ஆறாவது 2021இல் சுவீடிஷ் மொழியில் வெளிவந்தது. இந்த முடிவு ரெபெக்காவை என்ன செய்தது என்பதிலிருந்தே அடுத்த நாவல் தொடங்குவதால், இதைத் தாண்டி நடுவிலிருந்து வாசிக்கப் புகுவது வீண்.