பல்கலைக்கழகம் பட்டியலில் இருந்தது, என் படிப்பு இல்லை

இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் (பாடங்களை வடிவமைக்கும் துறை) முதுகலைப் படிப்பில் ஆன்லைனில் சேர நினைப்பவர்கள், குறிப்பாக ஆசிரியர் வேலையிலிருந்து இ-லேர்னிங் கம்பெனிக்குப் போக ஆசைப்படுபவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 1,68,000 ரூபாய்க்கு மாட்டிக்கொண்டேன்.

கோவையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் 11 வருடம் இயற்பியல் எடுத்தேன். கொரோனா காலத்தில் பிள்ளைகளுக்கு வீடியோ பாடம் தயாரித்தபோதுதான் இந்தத் துறை பிடித்துப்போனது. ஒரு பாடத்தை எங்கே உடைக்க வேண்டும், எங்கே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும், எங்கே வெறும் படம் போதும் என்று ராத்திரி உட்கார்ந்து யோசிப்பேன். இதையே முறையாகப் படித்து வேலையாக்கிக்கொள்ளலாமே என்று தேடினேன். ஒரு படிவத்தில் போன் நம்பரைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில், ஆன்லைன் படிப்புகளை விற்கும் ஒரு எட்டெக் கம்பெனியின் கவுன்சிலரிடமிருந்து (சேர்க்கை ஆலோசகர்) அழைப்பு வந்தது.

“மேடம், இந்த பேட்ச்ல நாலு சீட்தான் இருக்கு. இன்னைக்கே கட்டினா 2,10,000 இல்ல, 1,68,000தான். யு.ஜி.சி. அங்கீகாரம் உள்ள யுனிவர்சிட்டி, நீங்களே செக் பண்ணிக்குங்க.” சரி என்று பார்த்தேன். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டி.இ.பி.யின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் நிஜமாகவே இருந்தது. நிம்மதியாகச் சேர்ந்துவிட்டேன்.

ஐந்தாவது மாதம், வேறொரு இடத்தில் ஆன்லைன் எம்.பி.ஏ. சேரப்போன என் பழைய சக ஆசிரியை, “உங்களுக்கு டி.இ.பி. ஐ.டி. எடுத்தாச்சா அக்கா?” என்று கேட்டாள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தொலைநிலை, ஆன்லைன் பட்டப்படிப்புகளில் சேரும் மாணவர்கள் அந்த எண்ணைத் தாங்களே உருவாக்க வேண்டும் என்று 2024-இல் யு.ஜி.சி. கட்டாயமாக்கியிருக்கிறது. நான் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம். என்னிடம் யாருமே கேட்கவில்லை.

அன்று இரவு பட்டியலை மறுபடி திறந்து பொறுமையாகப் பார்த்தேன். அங்கீகாரம் மொத்தமாகப் பல்கலைக்கழகத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு படிப்புக்கும், ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். இவர்களுக்கு ஆன்லைனில் எம்.பி.ஏ., எம்.காம். இரண்டுக்குத்தான் அனுமதி. என் படிப்பின் பெயர் எங்குமே இல்லை. பல்கலைக்கழகங்கள் எட்டெக் கம்பெனிகளோடு ஃபிரான்சைஸ் போல ஒப்பந்தம் போட்டு ஆன்லைன் படிப்பு நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. 2022 ஜனவரியிலேயே அறிவித்திருந்ததையும் அன்றுதான் படித்தேன். எட்டெக் கம்பெனி வழியாகத் தரப்படும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டங்களைப் பற்றியும் 2023 டிசம்பரில் இதேபோல எச்சரித்திருக்கிறார்கள்.

கவுன்சிலரின் நம்பர் அதற்குள் அணைந்துவிட்டது. சப்போர்ட்டில் இருந்த பெண், “டிகிரின்னு நாங்க எழுத்துல எங்கயும் சொல்லலையே மேடம்” என்றாள். ஒப்பந்தத்தைப் பார்த்தால் ‘மாஸ்டர்ஸ் லெவல் புரோகிராம்’ என்றுதான் இருந்தது. அந்த ‘லெவல்’ என்ற ஒரு வார்த்தை என் கண்ணில் படவே இல்லை.

படிப்பாவது உருப்படியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. இ-லேர்னிங் பாடம் தயாரிக்கும் மென்பொருளான ஸ்டோரிலைன் பற்றிய வகுப்பு பழைய ரெக்கார்டிங். முடித்த பாடத்தை ஃபிளாஷ் என்ற பழைய இணைய வடிவில் எப்படி வெளியிடுவது என்று அரைமணி நேரம் சொல்லித்தந்தார்கள். ஃபிளாஷுக்கான ஆதரவு 2020-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. இன்னொன்றை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மூன்றாவது அசைன்மென்டுக்கு ஒரு முழுப் பாடத்தின் ஸ்டோரிபோர்டை (திரைக்குத் திரை என்ன வரும் என்ற வரைவு) கொடுக்க வேண்டும். அவசரத்தில் என் மகனின் பள்ளிக் கட்டண ரசீதைத் தவறுதலாக அப்லோடு செய்துவிட்டேன். இரண்டு நாளில் மதிப்பெண் வந்தது: 84. ‘கற்றல் நோக்கங்களோடு நன்றாகப் பொருந்தியிருக்கிறது’ என்று கருத்து வேறு. பாட வடிவமைப்புக்கான படிகளைச் சொல்லும் ஆடி (ADDIE) மாடலில் கடைசிப் படியே மதிப்பீடுதான். அதைச் சொல்லித்தருகிறவர்கள் என் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் 11 வருடம் பேப்பர் திருத்தியவள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பணத்துக்கு வருகிறேன். ‘வட்டியில்லா இ.எம்.ஐ., மாதம் 7,000, 24 மாதம்’ என்றார்கள். ஓ.டி.பி. சொன்னேன். அது என் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் எடுக்கப்பட்ட கடன். முழுத் தொகையும் ஒரே தவணையில் கம்பெனிக்குப் போய்விட்டது. படிப்பை நிறுத்தினாலும் நான் கடன்காரி. கோபத்தில் ஒரு மாதம் கட்டாமல் விட்டேன், சிபில் ஸ்கோர் இறங்கிவிட்டது. அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். டிஜிட்டல் கடன்களில் அபராதமில்லாமல் வெளியேற ஒரு கூலிங்-ஆஃப் காலம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, ஆனால் அது மிகக் குறுகிய காலம்தான். அதனால் ஓ.டி.பி. சொல்லும் முன்பே கடன் பத்திரத்தை அனுப்பச் சொல்லி வாசியுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதன் பிறகுதான் கம்பெனி வாய்திறந்து, 40 சதவீதம் திருப்பித் தருகிறோம் என்றது. மறுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கவுன்சிலரின் வாட்ஸ்அப் மெசேஜ், 84 மதிப்பெண் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தது கைகொடுத்தது.

பட்டம் வேண்டாம், வேலை தெரிந்தால் போதும் என்பவர்கள் முதலில் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஆன்லைன் வகுப்புத் தளமான என்.பி.டி.இ.எல். பக்கம் பாருங்கள். இ-லேர்னிங் பாடம் வடிவமைப்பது பற்றி ஐ.ஐ.டி. பம்பாய் ஆசிரியர்கள் எடுத்த வகுப்பு அங்கே இருக்கிறது, பார்க்கக் காசு இல்லை. ஆன்லைன் பாடங்களை அமைத்து நடத்த உதவும் மூடுல் (Moodle) மென்பொருளும் இலவசம். அதில் ஒளிவிலகல் பாடம் ஒன்றை நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். பட்டம்தான் வேண்டும் என்றால், படிப்பின் பெயரும் நீங்கள் சேரும் கல்வியாண்டும் டி.இ.பி. பட்டியலில் ஒரே வரியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு இன்னும் 13 தவணை பாக்கி. அடுத்த வாய்தா வரும் மாதம்.