சார்ட் வரலாற்றுக்கு ஒரு வரம்பு: ஐஸ் பிளான்ட் கண்காணிப்பு மென்பொருளும் நானும்

முட்டத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கும் நண்பர், "உங்க குளச்சல் பிளான்ட்ல ஓடுதே, அந்த சாஃப்ட்வேரை நானும் போடலாமா அண்ணே?" என்று கேட்டார். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மோட்பஸ் (மீட்டரும் கணினியும் பேசிக்கொள்ளும் ஒரு பொது மொழி) பேசுகிற எந்த மீட்டரையும் மாட்டலாம், முரண்டு பிடிக்காது. உப்புத் தண்ணித் தொட்டியின் குளிர் குறைந்தால் ராத்திரி ஆபரேட்டருக்கு எஸ்எம்எஸ் போய்விடும், இதுவரை ஏமாற்றியதில்லை. ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்தாலும் தானாக எழுந்து மறுபடி எழுதத் தொடங்கும். சரி, இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான்.

என் எரிச்சல், ரீடிங்கைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் சார்ட்டில். ஜூன், ஜூலை மீன்பிடித் தடையில் பிளான்ட் நிற்கும், பெயின்ட், சர்வீஸ் என்று கணினியும் அடிக்கடி அணையும், அதனால் ஒன்றும் தெரியாது. ஆகஸ்ட் 1 முதல் ராப்பகலாக ஓட ஆரம்பித்தால்தான் கதை தொடங்கும். இரண்டு கம்ப்ரஸர், ஒவ்வொன்றிலும் மூன்று ஃபேஸ், ஒவ்வொரு ஃபேஸுக்கும் நொடிக்கு ஒரு ஆம்பியர் ரீடிங். ஒரு ஃபேஸுக்கே நாளைக்கு 86,400 புள்ளி, ஆறுக்கும் சேர்த்து 5,18,400. வாங்கின நாளில் இருந்த அமைப்பில் இது ஒரு புள்ளியைக்கூட விடாமல் மெமரியில் வைத்துக்கொள்ளும். 32 பிட் புரோகிராம் என்பதால் விண்டோஸ் பொதுவாக 2 ஜிபிக்கு மேல் தராது, கணினியில் எத்தனை ஜிபி ராம் போட்டாலும் அவ்வளவுதான். செப்டம்பரில் மவுஸ் இழுக்கும், அப்புறம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும்.

வரம்பு வைக்க இடம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. செட்டிங்ஸில் மூன்று திரை தாண்டி, "அதிகபட்சப் புள்ளிகள்" என்று ஒரே ஒரு கட்டம், அதுவும் எல்லா சேனலுக்கும், அதாவது அளக்கிற ஒவ்வொன்றுக்கும், பொது. எந்த ஆபரேட்டராவது புள்ளிக் கணக்கில் யோசிப்பானா? மணிக்கணக்கில் கேட்க வேண்டியதுதானே! 10,000 என்று போட்டால், பத்து நொடிக்கு ஒருமுறை எடுக்கும் தொட்டியின் வெப்பநிலை 27 மணி நேரத்துக்கு மேல் தெரியும், கம்ப்ரஸர் ஆம்பியரோ 2 மணி 46 நிமிடத்தோடு முடிந்துவிடும். விடியற்காலை இரண்டு மணிக்கு மோட்டார் ஏன் ட்ரிப் ஆனது என்று காலையில் வந்து பார்த்தால் அந்த இடமே திரையில் இருக்காது. 50,000 ஆக்கினால் ஆம்பியர் கிட்டத்தட்ட 14 மணி நேரம் கிடைக்கும், ஆனால் 1,920 பிக்சல் அகலத் திரையில் அத்தனை புள்ளியையும் ஒவ்வொரு நொடியும் திரும்பத் திரும்ப வரைந்து கணினி மூச்சு வாங்கும். பிக்சலுக்கு ஒரு உச்சம், ஒரு தாழ்வு வைத்தாலே படம் அப்படியே வரும். ஆர்ஆர்டிடூல் மாதிரி இலவச மென்பொருள்கள் பழைய தரவைச் சுருக்கி, ஃபைல் அளவு வளராமலே வைத்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்கியதற்கு அது தெரியவில்லை.

ஒன்றை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும். சார்ட்டை எவ்வளவு வெட்டினாலும் டிஸ்க்கில் எழுதுகிற ஃபைலைத் தொடாது, நாளுக்கு ஒரு சிஎஸ்வி (எக்ஸெலில் திறக்கக்கூடிய சாதாரண எழுத்து ஃபைல்) தனியாக விழுந்துகொண்டே இருக்கும். திரையில் போனது உண்மையில் போகவில்லை. எக்ஸெலில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசைதான், ஆகவே நொடி ரீடிங் என்றால் 12 நாளைச் சேர்த்துப் பார்க்கலாம், பதின்மூன்றாம் நாள் இடிக்கும். இந்த சிஎஸ்வியை வைத்துத்தான் ஒரு ஃபேஸ் மட்டும் ராத்திரி இறங்குவதைக் கண்டுபிடித்தோம், மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான காண்டாக்டரின் முனை கருகியிருந்தது. மோட்டார் தப்பியது. அந்த ஒன்றிலேயே போட்ட காசு திரும்பிவிட்டது.

ஆனாலும் மக்கா, வாங்காதே. நான் லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டேன், அது வேறு விஷயம். இனி யார் மீட்டர் எல்லாவற்றையும் மாற்றிப் போடுவது? நீயோ புதிதாகப் போடுகிறாய், சேனலுக்குத் தனித்தனியாக மணிக்கணக்கில் வரம்பு வைக்க முடியுமா என்று விற்கிறவரிடம் கேள். "பாத்துக்கலாம் சார்" என்றால் எழுந்து வந்துவிடு. இல்லை, இதையேதான் வாங்குவேன் என்றால், மீட்டரை மாட்டும் முன்பே 20,000 என்று போட்டுவிட்டு ஒருமுறை மூடித் திற. மூடித் திறக்காமல் அந்த எண் அமலுக்கு வராது, அதையும் எங்கேயும் சொல்ல மாட்டார்கள்.