பழைய திங்க்பேட் டி480: முதல் செலவு திரைக்கே

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்புக்குப் பாடத்தாள்கள் தயாரிப்பதற்காக, ஓர் அலுவலகம் கழித்துவிட்ட லெனோவோ திங்க்பேட் டி480 மடிக்கணினியை 4,800 ராண்டுக்கு வாங்கினேன். 2018இல் வெளிவந்த மாதிரி இது. வாங்கிய பிறகு ரேம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு), பின்பக்க பேட்டரி, விசைப்பலகை, திரை என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றினேன். இன்று மறுபடி தொடங்குவதாக இருந்தால் திரையைத்தான் முதலில் மாற்றுவேன்; தமிழில் படித்து எழுதும் எவருக்கும் அதையே சொல்வேன்.

காரணம் எளிது. நான் வாங்கிய கணினியில் இருந்தது 1366×768 புள்ளிகள் கொண்ட அடிப்படைத் திரை. ஆங்கில மின்னஞ்சலுக்கு அது ஒருவாறு போதும். ஆனால் ‘ணை’, ‘ழு’, ‘ஞூ’ போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகளைப் பாடப்புத்தக அளவில் வைத்துப் பார்த்தால் சுழியும் காலும் ஒன்றோடொன்று கலந்து கறுப்புத் திட்டாகத் தெரிந்தன. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி விடுபட்டிருப்பதை அச்செடுத்த பிறகுதான் கண்டுபிடிக்க முடிந்தது. ஐபிஎஸ் என்ற திரை வகையைச் சேர்ந்த 1920×1080 திரையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மங்குவதில்லை என்பதால், மேசையைச் சுற்றி நிற்கும் நான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் படிக்க முடிகிறது. இந்தக் கணினியில் இவ்விரு திரைகளும் ஒரே வகை முப்பது முனை கேபிளில் இணைவதால் கேபிளை மாற்ற வேண்டியதில்லை. 2560×1440 திரையை விரும்புபவர்கள் மட்டும் அதற்குரிய நாற்பது முனை கேபிளையும் சேர்த்து வாங்க வேண்டும். திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை அவசரமின்றி நெம்பி எடுப்பது ஒன்றே சற்றுக் கடினமான வேலை. எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

எதைத் திறப்பதற்கு முன்னும் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. இந்த மாதிரியில் இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன: ஒன்று உள்ளே, மற்றொன்று பின்புறம் கழற்றிக்கொள்ளக்கூடியதாக. பின்புறத்ததைக் கழற்றிவிட்டாலும் உள்ளே இருப்பது மின்சாரம் தந்துகொண்டிருக்கும் என்பதால், பயாஸ் என்ற, கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை அமைப்புக்குள் சென்று உள் பேட்டரியை முடக்கிய பிறகே கீழ் மூடியின் ஆறு திருகுகளைத் தளர்த்த வேண்டும். அவை மூடியிலேயே தங்கிவிடும் திருகுகள், தொலையாது. அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகளில் சில நேரங்களில் பயாஸுக்கு நிர்வாகியின் கடவுச்சொல் போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் நாணய பேட்டரியைக் கழற்றினாலும் அது நீங்காது. எனவே பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரின் முன்னிலையிலேயே கணினியை இயக்கி, பயாஸுக்குள் தடையின்றி நுழைந்து அமைப்புகளை மாற்ற முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் இந்த மாதிரியின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. 2023இல் தென்னாப்பிரிக்காவில் 300 நாட்களுக்கும் மேல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) நடந்தது. இப்போது அது பெரிதும் தணிந்துவிட்டாலும், கேபிள் திருட்டாலும் பழுதாலும் மின்சாரம் போவது நின்றபாடில்லை. உள் பேட்டரி 24 வாட் மணி கொள்ளளவு கொண்டது. பின்புறத்தில் 24, 48, 72 வாட் மணி பேட்டரிகளில் ஒன்றைப் பொருத்தலாம். ஒன்று தீர்ந்ததும், கணினியை அணைக்காமலேயே கழற்றி இன்னொன்றைச் செருகலாம், ஏனெனில் அந்த இடைவெளியை உள் பேட்டரி தாங்கிக்கொள்கிறது. நான் முதலில் இணையத்தில் மலிவாகக் கிடைத்த, 72 வாட் மணி என்று அட்டை ஒட்டிய ஒரு பேட்டரியை வாங்கி ஏமாந்தேன். மூன்று வாரங்களில் விண்டோஸின் பேட்டரி அறிக்கை அதன் கொள்ளளவு சொன்னதில் பாதிகூட இல்லை என்று காட்டியது, விற்றவர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். இரண்டாவது முறை நேரில் போய், அறிக்கையைக் கடையிலேயே எடுத்துப் பார்த்து, 48 வாட் மணி பேட்டரி ஒன்றை வாங்கினேன். தட்டச்சு வேலைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கிறது. பெரும்பாலும் மின்இணைப்பிலேயே வைத்து வேலை செய்பவர்கள், எண்பது விழுக்காட்டோடு சார்ஜ் ஏறுவது நிற்கும்படி அமைத்துக்கொண்டால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும்.

சார்ஜ் ஏற்றுவது இந்தக் கணினியில் யுஎஸ்பி-சி துளை வழியாக மட்டுமே, வேறு வழியில்லை. பழைய தண்டர்போல்ட் நிலைபொருளோடு (அந்தத் துளையை இயக்கும் உள்மென்பொருள்) நீண்ட காலம் இயங்கிய கணினிகளில் அந்தத் துளைகள் செயலிழக்கக்கூடும் என்பதும், அதற்கான திருத்தத்தை லெனோவோவே வெளியிட்டிருக்கிறது என்பதும் இந்த மாதிரியை வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டியவை. ஆகவே வாங்கிய அன்றே, எந்தப் பாகத்தையும் தொடுவதற்கு முன், அந்தத் திருத்தத்தை நிறுவிவிடுங்கள். துளைகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டவை என்பதால், கெட்டுவிட்டால் செலவு கணினியின் விலையையே எட்டிவிடும்.

என் அக்காள் மகன் கணினியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “மாமா, ரேம் எவ்வளவு?” என்பதுதான். எட்டு ஜிபி இருந்தது. இரண்டாவது இடம் காலியாக இருந்ததால் இன்னொரு எட்டு ஜிபி டிடிஆர்4 ரேமைச் செருகினேன், பத்து நிமிட வேலை. எஸ்எஸ்டி விஷயத்தில் நான் தேவையின்றி ஆசைப்பட்டேன் என்றே நினைக்கிறேன். வட்டு இருக்கும் இடத்தில் என்விஎம்இ எனப்படும் வேகமான எஸ்எஸ்டி வகையைப் பொருத்துவதற்குத் தனியாக ஓர் இணைப்புத் தட்டு வேண்டும். அப்படிப் பொருத்தினாலும் அந்தப் பாதை தரவு செல்வதற்கு இரண்டு தடங்கள் மட்டுமே கொண்டது என்பதால் அதன் முழு வேகம் கிடைக்காது. பாடத்தாளுக்கும் கோவில் அறிவிப்புக்கும் சாட்டா எனப்படும் சாதாரண வகை எஸ்எஸ்டியே தாராளம். மிச்சமாகும் பணம் திரைக்குப் போகட்டும்.

விசைப்பலகையை நான் மாற்றியது பின்னொளிக்காக. காவடித் திருவிழாவுக்கு முந்தைய இரவுகளில் கோவில் மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து அறிவிப்பு அடித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் அமைந்திருப்பதால் இரு கைகளும் எப்போதும் விசைகளின் மேலேயே இருக்கின்றன. விசைகளுக்கு நடுவிலுள்ள சிவப்புக் குமிழால் சுட்டியை நகர்த்தும்போது கையைத் தூக்கவே வேண்டியதில்லை. அழுத்தும் ஆழமும் எதிர்விசையும் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. இந்த விலைக்குப் புதிதாகக் கிடைக்கும் எந்த மடிக்கணினியிலும் இப்படியொரு விசைப்பலகையை நான் தொட்டதில்லை.

வாங்கப் போகிறவர்கள் டி470ஐயும் டி480ஐயும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். ஆனால் டி470இல் பெரும்பாலும் இருப்பது இரண்டு கருக்கள் (கணக்கிடும் அலகுகள்) கொண்ட ஏழாம் தலைமுறைச் செயலி. அது விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி பெறாது. டி480இன் எட்டாம் தலைமுறை ஐ5 செயலியில் நான்கு கருக்கள் உண்டு, விண்டோஸ் 11உம் இயங்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிவுக்கு வந்ததால் ஏழாம் தலைமுறைக் கணினிகள் சந்தையில் குவிகின்றன. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு, மற்றவர்கள் சில நூறு ராண்டுகள் கூடுதலாகக் கொடுத்து டி480ஐயே எடுக்கலாம்.

குறை என்றால் ஒலிபெருக்கி. தேவாரப் பாடலைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் கடைசி வரிசைக்குக் கேட்பதில்லை, வகுப்புக்குத் தனியாக ஓர் ஒலிபெருக்கியை எடுத்துச் செல்கிறேன். டர்பனின் கோடைப் புழுக்கத்தில் விசிறியும் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்திருந்தபோதே செயலியின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததைத் துடைத்துப் புதிதாகப் பூசி, விசிறியில் அடைந்திருந்த தூசியையும் எடுத்துவிட்டேன். அதன் பிறகு தட்டச்சு செய்யும்போது விசிறிச் சத்தம் கேட்பதில்லை.