கெப்போங் மெட்ரோபொலிட்டன் பூங்கா ஏரி: காற்றுக்காகப் போகலாம்

கோலாலம்பூரின் பெயர்பெற்ற ஏரிகள் மனிதர் உண்டாக்கியவை. 1888இல் தொடங்கிய லேக் கார்டனின் ஏரி, ஓடையை மறித்துத் தேக்கியது. தித்திவங்சா ஏரி, ஈயம் தோண்டிய பள்ளத்தில் உருவானது. கெப்போங் மெட்ரோபொலிட்டன் பூங்காவில் இருப்பதோ வெள்ள நீரைத் தேக்கும் குளம். அதை அறிந்து போகிறவருக்கு இடம் பிடிக்கும். மரநிழலில் பாய் விரிக்கலாம் என்று போகிறவர் முகம் சுளிப்பார்.

1971ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பிறகே தலைநகரின் வெள்ளத் தடுப்புப் பணிகள் வேகம் பிடித்தன. வெள்ள நீரைத் திசைதிருப்பி விட 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கத்தை எல்லாரும் அறிவர். ஆனால் ஆறு பெருகும்போது மிகுநீரை வாங்கி வைத்திருந்து, ஆறு தணிந்தபின் மெல்லத் திருப்பி விடும் இத்தகைய குளங்களைப் பற்றிப் பேசுவார் குறைவு. கனமழைக்கு மறுநாள் நீர் தே தாரிக் எனும் பால் தேநீரின் நிறத்தில் கலங்கி, பிளாஸ்டிக் போத்தல்கள் கரையொதுங்கிக் கிடப்பதைக் குறை சொல்பவர்கள், அந்த நீர் இங்கு வராவிட்டால் யார் வீட்டு வாசலுக்குப் போயிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீர்ப்பரப்பு விரிந்து கிடப்பதால் காற்றுக்குத் தடையில்லை. வெயில் தாழ்ந்ததும் புல்வெளி பட்டம் விடுவோரால் நிறைந்துவிடும். கையில் பட்டம் இல்லாமல் போனாலும் கவலையில்லை, அங்கேயே விற்கிறார்கள். பேரப்பிள்ளைக்கென்று வாங்கிய பட்டத்தைத் தாத்தாவே விடாமல் பிடித்திருப்பதையும் காணலாம். நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஏரியோரப் பாதை வசதியானது. பகலில் மட்டும் தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள்.

பறவை பார்க்க விரும்புவோர் காலையில் வருவது நல்லது. ஆழமற்ற ஓரங்களில் கொக்குகள் நின்று மீன் பார்க்கும். நீர் உடும்பு கரையேறி, பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்தபடி போகும். அதற்குத் தீனி போடுவதும் கல்லெறிவதும் ஒன்றுபோலத் தவறு. அறுந்த பட்ட நூலைப் புல்லிலும் கிளைகளிலும் அப்படியே விட்டுச் செல்வது அதைவிடக் கேடு. மெல்லிய நைலான் நூல் காலில் சுற்றினால் பறவையால் அதைக் கழற்ற இயலாது.

வார இறுதி மாலைகளில் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. முடிந்தால் வார நாளில் வேலை முடிந்ததும் நேரே வந்துவிடுங்கள்; வானம் கறுத்தால் மட்டும் காத்திராமல் கிளம்புங்கள், அந்த வெட்டவெளியில் இடிக்கு ஒதுங்க இடம் குறைவு.