உப்புவெளி கெஸ்ட் ஹவுஸ்: 4.8 நட்சத்திரத்தை நம்பி வந்தவர்கள்

போன டிசம்பரில் சின்னம்மா குடும்பம் கனடாவிலிருந்து வந்து திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் மூன்று இரவு தங்கினார்கள். அங்கிருந்தே 4.8 நட்சத்திரத்தைப் பார்த்து புக் பண்ணி, முற்பணமும் கட்டிவிட்டார்கள். அவர்கள் வந்து இறங்கிய பிறகுதான் நான் அந்த விடுதியின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

முதல் படமே பொய். "பால்கனியிலிருந்து மாலைக் காட்சி" என்று போட்டு, சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. உப்புவெளியில் கடல் கிழக்குப் பக்கம். அங்கே சூரியன் உதிக்கும், மறையாது, இது திருகோணமலைச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் மேற்குக் கரையில் இருக்கிற வேறொரு விடுதியின் பக்கத்திலும் அதே படம், அதே தென்னை மரம். உண்மையான பால்கனியிலிருந்து தெரிவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி.

அப்புறம் விமர்சனங்கள். புதியது முதலில் வருகிற மாதிரி மாற்றி வாசித்தேன். ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொரு பெயரையும் அழுத்திப் பார்த்தால் அவர்கள் வாழ்நாளில் எழுதியது அந்த ஒன்றுதான். இரண்டு நட்சத்திரம் கொடுத்த ஒருவர்தான் குளியலறையில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று எழுதியிருந்தார். அப்படியேதான் வந்தது.

எனக்குப் பெரிய மனக்குறை, பவளப்பாறை பார்க்கப் படகில் போகிற புறாத்தீவு விஷயத்தில்தான். வருடம் முழுக்கப் படகு ஒழுங்கு செய்து தருவோம் என்று போட்டிருந்தார்கள். நிலாவெளிக் கரையிலிருந்து கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர்தான், ஆனால் மாரியில் கடல் கொந்தளிக்கிறபோது யார் படகு இறக்குவார்கள்? பவளப்பாறை பார்க்க மே முதல் செப்டம்பர் வரை வர வேண்டும். ஜூலையில் வந்து "கடல் குளம் மாதிரி" என்று எழுதினவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். எங்கள் ஊரைப் பற்றி எதை வாசித்தாலும் எந்த மாதத்தில் எழுதியது என்று முதலில் பாருங்கள். சின்னம்மாவின் மகன் கனடாவிலேயே வாங்கி வந்த நீச்சல் கண்ணாடி பெட்டி பிரிக்காமலே திரும்பிப் போனது.

புக் பண்ண முன் வாட்ஸ்அப்பில் அழைத்து, வீடியோவில் அறையையும் பால்கனியையும் அப்பொழுதே காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

சமையல் செய்த அண்ணன் தங்கமானவர். அவர் வைத்த நண்டுக் கறிக்காக 5க்கு 2 கொடுக்கிறேன், இல்லாவிட்டால் 1தான்.