பழைய படமா, ஆலயப் பதிவேடா?

நீலகிரியில் முன்னோரைத் தேடுகிறவர்கள் முதலில் எடுப்பது பெட்டியில் கிடக்கும் படங்களைத்தான். நான் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டையே முதலில் வைப்பேன்.

ஞானஸ்நானப் பதிவில் ஒரு வரிதான் இருக்கும். ஆனால் குழந்தையின் பெயர், தேதி, பெற்றோர் என எல்லாம் அதில் வந்துவிடும். சில பதிவுகளில் ஞானப் பெற்றோரும், அதாவது ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்களும், இருப்பார்கள். இந்த ஞானப் பெற்றோரைப் பலரும் கவனிப்பதில்லை. அவர்கள் மாமாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், கூடவே மலையேறி வந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். அவர்களைப் பிடித்தால் சொந்த ஊர் வரை போய்விடலாம். ஊட்டி பரிசுத்த ஸ்தேவான் ஆலயம் பிரதிஷ்டையானது 1830-இல். அதற்கு முந்தைய தலைமுறையைச் சமவெளி ஆலயங்களில் தேடுவதே சரி.

படத்தில் முகம் உண்டு, பெயர் பெரும்பாலும் இராது. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் காலம் ஓரளவு பிடிபடும். மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அதனால் ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்காமல் அப்படியே போனில் எடுத்துவிடுங்கள். அப்புறம் பாட்டியிடம் காட்டுங்கள். பதிவேட்டில் மரியம்மாள் என்றிருப்பவரை வீட்டில் சின்னப்பொண்ணு என்றே அழைத்திருப்பார்கள். இருவரும் ஒருவரே என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால்தான் முடியும்.